அரை டேங்க்

சினாவ் சனாயாவில் எங்கள் கடை பதினேழாவது ஷட்டர்.
ஜூலையில் பகலில் இரும்பைத் தொட முடியாது.
ராத்திரிதான் வேலை.

சுருஜ் மியா கொண்டுவந்த பிக்கப்
முல்கியாவில் மட்டும் வெள்ளை.
மூன்று முதலாளிகளைப் பார்த்த வண்டி.
பின்னால் ஒட்டகத் தீவனம், நாற்பது கட்டு.
ஸ்டியரிங்கில் சுற்றிய பச்சைத் துண்டு.
"பாய், பெட்ரோல் வாசனை" என்றான்.

எனக்கு வரவில்லை.
பதினாறு வருஷம் பெட்ரோலில் கை கழுவியவனின் மூக்கு.
பக்கத்து டயர்க்கடைப் பையனைக் கூப்பிட்டேன்.
கதவருகில் வந்தவன்
காதில் செருகியிருந்த சிகரெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு
இரண்டு கடை தள்ளிப் போய் நின்றுகொண்டான்.
அதுதான் எங்கள் டெஸ்ட் ரிப்போர்ட்.

டேங்க்கை இறக்கினேன்.
மூடியைத் திருகியதும் குக்கர்போல ஒரு பெருமூச்சு.
பம்ப் உட்காரும் வாயில்
வளையல் அளவு ரப்பர், வெந்து, விளிம்பு பிளந்து.
புதுசு மஸ்கட்டிலிருந்து வர ஒன்பது நாள்.
அர்பாப் முஸல்லம் போனில் கேட்டார்:
"ஒன்பது நாள் என் ஒட்டகம் என்ன தின்னும்?
உன் டூல் பாக்ஸையா?"

நீலச் சோப்பைப் பிசைந்து அடைத்தேன்.
பெட்ரோலில் சோப்பு கரையாது,
ஊர் ஊராக நாங்கள் படித்த விஞ்ஞானம் அவ்வளவுதான்.
"அரை டேங்க்குக்கு மேல் போடாதே, சுருஜ்.
மேலே ஏறினால்தான் அது வாய் திறக்கும்."
பில்லில் மூன்று ரியால். கீழே 'ஓகே'.

சொன்னபோது அது சரியாகத்தான் இருந்தது.

அவன் தீவனம் இறக்கும் முகாம்
தார் ரோட்டை விட்டு இறங்கி மணலில் நூற்று நாற்பது கிலோமீட்டர்.
அரை டேங்க் போகும்.
வராது.
எனக்குத் தோன்றாத கணக்கு அவனுக்குத் தோன்றியிருக்கிறது.
மறுவாரம் காற்றடிக்க வந்தபோது பார்த்தேன்:
கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால்,
தண்ணீர் விற்ற இருபது லிட்டர் கேன்.
உள்ளே பெட்ரோல். வாயில் பனியன் துணி.
"என்னடா இது?"
"நீதானே பாய், மேலே போடாதே என்றாய்."

சண்டை போட்டேன்.
கேனைப் பின்னால் மாற்றிக் கயிறு கட்டிக்கொடுத்தேன்.
தீவனத்தோடு.
காய்ந்த புல்லோடு.
கட்டி முடித்த பிறகுதான் கை நின்றது.
அதற்குள் அவன் ஸ்டார்ட் செய்துவிட்டான்.

நேற்று ஸ்பேர் பார்ட்ஸ் சேல்ஸ்மேன் வந்தார்,
பாலக்காட்டுக்காரர், இஸ்திரி கலையாத சட்டை.
சேஸிஸ் நம்பர் கேட்டார். எழுதிவைத்ததைப் படித்தேன்.
"இதற்கு ரீகால் உண்டே.
ரப்பர் இலவசம், கூலியும் இலவசம்.
இரண்டு வருஷம் முன்பே கடிதம் போட்டாயிற்று."
யாருக்கு?
முதல் முதலாளிக்கு. சூரில் மீன் வியாபாரி.
அவர் அந்தக் கடிதத்தில் என்ன பொதிந்தாரோ.

மாதிரிக் கடிதத்தை போனில் காட்டி
அரபியை எனக்காகப் பெயர்த்துச் சொன்னார்:
'சில சூழ்நிலைகளில்
எரிபொருள் ஆவி கசிய வாய்ப்புண்டு.'
சில சூழ்நிலைகள்.
ஐம்பது டிகிரி என்று எழுதியிருக்கலாம்.
நாற்பது கட்டுப் புல் என்று எழுதியிருக்கலாம்.
இலவச ரப்பர் எங்கே என்றேன்.
"வண்டியைக் கொண்டுவாருங்கள்."

வண்டி மணலில் இருக்கிறது.
சுருஜ் நம்பர் தொடர்பு எல்லைக்கு வெளியே,
அரபியில் ஒரு பெண், பிறகு ஆங்கிலத்தில் அதே பெண்.
பதினொன்று முறை.
முஸல்லம் எடுத்தார்: "வியாழக்கிழமை வருவான், என்ன அவசரம்?"
சொன்னேன்.
கொஞ்சநேரம் பேச்சில்லை.
"நீ ஓகே என்றல்லவா எழுதினாய்" என்றார்.

பில் புக்கைப் புரட்டினேன்.
கார்பன் தாளில் என் ஓகே
அழுத்தமாக விழுந்திருக்கிறது.

மணி ஒன்றரை. ஷட்டரை இறக்கவில்லை.
கை கழுவப் போனால்
நீலச் சோப்பில் மீதி, என் கட்டைவிரல் பள்ளத்தோடு.
முகர்ந்து பார்த்தேன்.
ஒன்றும் வரவில்லை.
டயர்க்கடைப் பையனை எழுப்பலாமா என்று
நின்றுகொண்டிருக்கிறேன்.